எதிர்வீட்டுத் தாத்தா கொடுத்த ஆல்பம்: கார்டுகளைப் பிரித்தெடுக்கலாமா, அப்படியே விடலாமா?

ஒஹாயோக்காரன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. நேற்று மாலையிலிருந்து எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் வீட்டை விற்றுவிட்டு மகள் இருக்கும் ஊருக்கே போகிறார். வயது எழுபத்தெட்டு. நாலு வருடமாகப் பனி கொட்டும்போதெல்லாம் அவர் வாசலையும் சேர்த்து வழித்துவிடுவது என் மகன்தான். அந்தப் பாசத்தில் அவனைக் கூப்பிட்டு ஒரு சுருட்டுப் பெட்டியையும், கறுப்புத் தாள் வைத்துத் தைத்த ஒரு பழைய ஆல்பத்தையும் கையில் கொடுத்துவிட்டார். பெட்டி அவருடையது, ஆல்பம் அவருடைய அப்பாவுடையது.

பெட்டிக்குள் 1957ஆம் வருட டாப்ஸ் கம்பெனி பேஸ்பால் கார்டுகள் நாற்பது இருக்கும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கிறது. ஆல்பத்தில் அதைவிடச் சின்னக் கார்டுகள், சுற்றிலும் வெள்ளைக் கரை, நடுவில் வண்ணப் படம், கீழே ஆட்டக்காரரின் பெயரும் ஊரும். எண்ணிப் பார்த்தோம், முப்பத்தொன்று. எல்லாம் பசை போட்டு ஒட்டியவை. ஒன்றே ஒன்று மட்டும் கழன்று கிடக்கிறது.

இது அசலா என்று எப்படிப் பார்ப்பது? தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தெடுக்கலாம் என்று சில வீடியோக்களில் காட்டுகிறார்கள், செய்யலாமா? ஒரு கார்டின் நடுவில் பழுப்பாக ஒரு கறை வேறு இருக்கிறது. அதைத் துடைக்க வழி உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய அட்டை எழுதியது:

தம்பி, முதலில் அந்த ரப்பர் பேண்டை எடுங்கள். இழுத்துக் கழற்ற வேண்டாம், வெட்டி எடுங்கள். பழைய ரப்பர் உருகி அட்டையோடு ஒட்டியிருக்கும், இழுத்தால் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

ரப்பர் பேண்டு செய்த அநியாயத்துக்கு ஒரு ஆளே சாட்சி. 1952 டாப்ஸ் வரிசையில் முதல் எண் ஆண்டி பாஃப்கோ. பையன்கள் எண் வரிசைப்படி அடுக்கிக் கட்டிவைப்பார்கள், பாஃப்கோ எப்போதும் மேலே. ரப்பர் வடு, தேய்மானம், கொட்டிய காபி எல்லாம் அவர் முகத்தில்தான். அதனால் மூலை மழுங்காத பாஃப்கோ கிடைப்பது அவ்வளவு அரிதாகி, 1998இல் குறையே இல்லாத ஒன்று 83,970 டாலருக்குப் போனது. அவர் நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் அந்த விலை அவர் ஆட்டத்துக்கு வந்ததில்லை.

ஆல்பத்தில் இருப்பது நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் டி206. 1909இலிருந்து 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சிகரெட் பாக்கெட்டுக்குள் வைத்துக் கொடுத்தது. பாக்கெட் நசுங்காமல் இருக்க ஒரு அட்டை, வாங்குகிறவனை மறுபடி வரவைக்க ஒரு படம், இரண்டுக்கும் ஒன்றாக உதவியது. மொத்தம் 524 கார்டுகள் என்பது கணக்கு. பின்பக்கம் பீட்மான்ட், ஸ்வீட் கேப்ரல், போலார் பேர் என்று பதினாறு சிகரெட் பெயர்களில் ஏதாவது ஒன்று இருக்கும். டி206 என்ற பெயரை வைத்தவர் ஜெஃபர்சன் பர்டிக். கைமூட்டெல்லாம் வாதத்தில் முடங்கிய நிலையிலும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குத் தன் சேகரிப்பு முழுவதையும் கொடுத்து, வருடக்கணக்காக அங்கேயே உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டி வகைப்படுத்தியவர். 1963 ஜனவரியில் வேலையை முடித்தார், மார்ச்சில் இறந்துபோனார். இந்தப் பொழுதுபோக்கில் எனக்குக் கும்பிடத் தோன்றும் மனிதர் அவர்தான்.

அசலா என்று பார்க்க, ஒரு லென்ஸ் எடுத்துக் கீழே உள்ள பெயரைப் பாருங்கள். எழுத்து பழுப்பு மையில் ஒரே கோடாக இருக்க வேண்டும். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் பிற்காலத்து நகல். அப்புறம் புற ஊதா விளக்கு. இப்போதைய தாளில் வெளுப்பு ரசாயனம் இருப்பதால் நீலமாகப் பளிச்சிடும். அந்தக் காலத்து அட்டை மங்கலாகவே இருக்கும். கழன்று கிடக்கும் கார்டின் பின்பக்கத்தில் என்ன அச்சிட்டிருக்கிறது? தொழிற்சாலை எண் ஒன்று இருக்கும், அதையும் சொல்லுங்கள்.

கறையில் கை வைக்காதீர்கள்.

கிரிக்கெட் பைத்தியம் (சென்னை) எழுதியது:

எனக்கு பேஸ்பாலே தெரியாது, ஆனால் இந்த இழையை விட்டுப் போக முடியவில்லை. சின்ன வயதில் நாங்கள் சிகரெட் அட்டை வைத்து விளையாடுவோம், தீப்பெட்டிப் படம் சேர்ப்போம். எங்கள் தெருவில் ஒரு பையனிடம் ஒரு ஷூ பெட்டி நிறைய இருந்தது. அவன் வீட்டில் வெள்ளையடித்தபோது அம்மா அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்கள். அவன் அழுதது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

கோடிக்கணக்கில் விற்ற ஒரு கார்டு பற்றிப் படித்திருக்கிறேன். அதுவும் இந்த வகைதானா? ஒரு துண்டு அட்டைக்கு ஏன் அவ்வளவு?

சிகாகோ அக்கா எழுதியது:

அதே வகைதான். ஹோனஸ் வாக்னர். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்பவர்), எட்டு முறை தேசிய லீக்கின் சிறந்த பேட்டிங் சராசரி அவருடையது. 1936இல் பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேம் தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுத்த ஐந்து பேரில் ஒருவர். தன் படத்தைப் போட வேண்டாம் என்று அவர் மறுத்ததால் அச்சடிப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். சிறுவர்கள் படத்துக்காக சிகரெட் வாங்குவது பிடிக்காமல் மறுத்தார் என்பது ஒரு கதை, தனக்குப் பணம் தராததால் மறுத்தார் என்பது இன்னொன்று. அவரே புகையிலை மெல்லுகிறவர் என்பதால் இரண்டாவதை நம்புகிறவர்களும் உண்டு. எப்படியோ, ஐம்பது அறுபது கார்டுகள்தான் இன்று உலகத்தில் இருக்கின்றன. 2022இல் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

ஆனால் வாக்னர் கார்டுகளிலேயே புகழ்பெற்றதற்கு ஒரு கறை உண்டு. ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி 1991இல் இன்னொருவரோடு சேர்ந்து 4,51,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்த கார்டு அது. பிஎஸ்ஏ நிறுவனம் முதன்முதலாகத் தரம் பார்த்து மதிப்பெண் போட்ட கார்டும் அதுவே, பத்துக்கு எட்டு. 2013இல் பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர் அதன் ஓரங்களைத் தான் வெட்டிச் சீராக்கியதாக நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

எனக்கும் அந்த வலி தெரியும். ஆறு மாதச் சேமிப்பில் ஒரு கண்காட்சியில் டி206 ஒன்று வாங்கினேன். வீட்டில் வந்து இன்னொரு கார்டின் மேல் வைத்துப் பார்த்தால் ஒரு நூல் குறைவு. நாலு மூலையும் கத்தியாக இருந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நூறு வருடத்து அட்டைக்கு அவ்வளவு கூர்மையான மூலை இருக்காது. ஒஹாயோத் தம்பி, உங்கள் கார்டுகளின் மூலை மழுங்கியிருந்தால் வருத்தப்படாதீர்கள்.

ஒஹாயோக்காரன் எழுதியது:

நன்றி அக்கா, நன்றி அண்ணா. லென்ஸில் பார்த்தேன், எழுத்து பழுப்பில் கோடாகவே இருக்கிறது. புற ஊதா விளக்கிலும் பளிச்சிடவில்லை. மூலைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அத்தனையும் உருண்டை!

கழன்று கிடக்கும் கார்டு 'பிரிட்வெல், நியூயார்க் நேஷனல்'. பின்பக்கம் ஸ்வீட் கேப்ரல், தொழிற்சாலை எண் 30.

1957 கட்டில் ஹாங்க் ஆரன் இருக்கிறார். ஆனால் இடது கைக்காரர் மாதிரி நிற்கிறார். மகன் கூகுள் செய்துவிட்டு, அவர் வலது கை ஆட்டக்காரர் அப்பா என்கிறான். இது போலியா? இன்னொன்றில் 'பாப் கிளமென்டே' என்று போட்டிருக்கிறது. ரொபர்ட்டோ கிளமென்டேயின் தம்பியோ?

சிகாகோ அக்கா எழுதியது:

ஆரன் போலியில்லை. அச்சடிக்கும்போது படச்சுருளைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். சட்டையில் எண் 44 கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறி இருக்கும், பாருங்கள். அந்த வருடம்தான் அவருடைய மில்வாக்கி பிரேவ்ஸ் உலகத் தொடரை வென்றது. ஆரன் இந்தியானாபொலிஸ் க்ளவுன்ஸ் என்ற கறுப்பினத்தவர் லீக் அணியிலிருந்து வந்தவர். உங்கள் ஆல்பத்தில் உள்ள டி206 வரிசையில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட இருக்க மாட்டார், மறந்துவிடாதீர்கள். 1947இல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை கதவு சாத்தியே இருந்தது. ஜோஷ் கிப்சன் போன்ற ஒருவருக்கு அவர் காலத்தில் அமெரிக்காவில் யாரும் ஒழுங்காகக் கார்டு போடவில்லை. அவருடைய பெயர்பெற்ற கார்டு போர்ட்டோ ரிக்கோவில் 1950-51இல், அவர் இறந்து நாலு வருடம் கழித்து வந்தது. 2024இல் அந்த லீக் கணக்குகளையும் மேஜர் லீக் சேர்த்துக்கொண்டபோது, எல்லாக் காலத்துக்குமான பேட்டிங் சராசரிப் பட்டியலில் கிப்சன்தான் முதலிடம், .372.

பாப் என்பது ரொபர்ட்டோவேதான். போர்ட்டோ ரிக்கோக்காரர். முதல் இரண்டு வருடம் டாப்ஸ் ஒழுங்காக ரொபர்ட்டோ என்றுதான் போட்டது. 1957இலிருந்து 1969 வரை அதை பாப் ஆக்கிவிட்டார்கள். பத்திரிகைகளும் அப்படியே எழுதின. என் பெயர் ரொபர்ட்டோ என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். 1970 கார்டில்தான் பெயர் திரும்பி வந்தது. 1972 டிசம்பர் 31, நிகராகுவா பூகம்பத்தில் தவித்தவர்களுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிக்கொண்டு போன விமானம் கடலில் விழுந்தது, அதில் அவர் இருந்தார். அப்போது அவர் அடித்திருந்த ஹிட்கள் சரியாக 3,000. 1973 வரிசையில் அவர் கார்டு வழக்கம்போல வந்தது, ஆள் இல்லை.

அலுவலகத்தில் என் பெயரையும் இரண்டெழுத்தாகச் சுருக்கிப் பதினைந்து வருடம் கூப்பிட்டார்கள். அந்த 'பாப்' கார்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். என்னிடம் மூன்று இருக்கின்றன, மூன்றையும் விற்க மாட்டேன்.

ஹூஸ்டன் கணக்கு எழுதியது:

எல்லாரும் கதை பேசுகிறீர்கள். தம்பிக்குக் காசு விஷயமும் தெரிய வேண்டும்.

பசையோடு இருக்கும் கார்டுக்குச் சந்தையில் மரியாதை குறைவு. ஊறவைத்துப் பிரித்து, பிஎஸ்ஏ அல்லது அதே வேலை செய்யும் எஸ்ஜிசிக்கு அனுப்பி, உறையில் அடைத்து வாங்குங்கள். சாதாரண ஆட்டக்காரராக இருந்தாலும் அசல் என்ற சான்றிதழ் இருந்தால் வாங்குகிறவன் தைரியமாக வாங்குவான். முப்பத்தொன்றும் சேர்ந்தால் மகனின் கல்லூரிக்கு ஒரு பங்கு தேறும்.

எது எஞ்சுகிறதோ அதற்குத்தான் விலை. 1952 டாப்ஸில் மிக்கி மேன்டில் கார்டைப் பாருங்கள். அந்த வரிசையின் கடைசிப் பகுதி விற்காமல் கிடங்கிலேயே தங்கியது. அதை உருவாக்கிய சை பெர்கர், 1960இல் மிச்சப் பெட்டிகளைப் படகில் ஏற்றி நியூஜெர்சிக்கு அப்பால் அட்லான்டிக் கடலில் கொட்டினார். 2022இல் ஒரு மேன்டில் 1.26 கோடி டாலருக்கு விற்றது. மாறாக, எண்பதுகளின் கடைசியில் எல்லாரும் பெட்டி பெட்டியாகப் பத்திரப்படுத்திய கார்டுகளுக்கு இன்று பெரும்பாலும் தாள் விலைதான்.

பழைய அட்டை எழுதியது:

கணக்கு சார் சொல்வதில் தப்பில்லை. டி206 கல்லச்சு மை, நீரில் கரையாது. காய்ச்சி வடித்த தண்ணீரில் சில மணி நேரம் மிதக்கவிட்டால் அந்தக் காலத்து மாவுப் பசை தானாக இளகிவிடும். விரலால் வழித்தெடுத்து, மை ஒற்றும் தாளுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகம் வைத்து இரண்டு மூன்று நாள் காயவிட வேண்டும். நானே செய்திருக்கிறேன்.

ஆனால் அதற்கு முன் ஒன்று கேட்கிறேன் தம்பி. தொழிற்சாலை 30 என்றால் நியூயார்க் தொழிற்சாலை. அந்தப் பையன் நியூயார்க்கில் வளர்ந்தவனாக இருக்கலாம். பிரிட்வெல் எந்தப் பக்கத்திலிருந்து கழன்றது? அந்தப் பக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? அதே வரிசையில் எழுதுங்கள்.

ஒஹாயோக்காரன் எழுதியது:

மற்றப் பக்கங்கள் எல்லாம் ஊர்வாரியாக ஒட்டியிருக்கின்றன. நியூயார்க்குக்கு ஒரு பக்கம், சிகாகோவுக்கு ஒரு பக்கம், டெட்ராய்ட், பிட்ஸ்பர்க், இப்படி. கடைசிப் பக்கம் மட்டும் வேறு மாதிரி. நாலே கார்டு. மேலே தனியாக மாத்யூசன். கீழே ஒரே வரிசையில் பிரிட்வெல் (காலியிடம்), மெர்க்கிள், எவர்ஸ். எவர்ஸ் சிகாகோக்காரர், ஏன் அவர் மட்டும் நியூயார்க்காரர்களோடு இருக்கிறார் என்று தெரியவில்லை. நான் சொன்ன கறை இருப்பதும் எவர்ஸ் கார்டில்தான்.

பழைய அட்டை எழுதியது:

படித்ததும் எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வந்து எழுதுகிறேன். பிரித்துவிடாதீர்கள் தம்பி.

1908 செப்டம்பர் 23. நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். ஜயன்ட்ஸும் சிகாகோ கப்ஸும் முதலிடத்துக்கு முட்டிக்கொண்டிருந்த நேரம். பந்து வீசியவர் கிறிஸ்டி மாத்யூசன். ஜயன்ட்ஸின் வழக்கமான முதல் பேஸ் (ஓடுகிறவர் தொட வேண்டிய இடங்களில் முதலாவது) ஆட்டக்காரருக்கு முதுகுவலி, அவர் இடத்தில் பத்தொன்பது வயது ஃப்ரெட் மெர்க்கிள். அந்த வருடம் ஒரு ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்தே களமிறங்கியது அவருக்கு அன்றுதான் முதல் முறை. கடைசி இன்னிங்ஸ், ஆளுக்கு ஒரு ரன், இரண்டு பேர் அவுட். மூன்றாவது பேஸில் ஒருவர், முதல் பேஸில் மெர்க்கிள். பிரிட்வெல் அடித்தார். மூன்றாவது பேஸில் இருந்தவர் ஓடி வந்து ரன் சேர்த்துவிட்டார். ஆட்டம் முடிந்தது என்று கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. மெர்க்கிள் இரண்டாவது பேஸைத் தொடாமலே பாதி வழியில் உடைமாற்றும் அறைப் பக்கம் திரும்பி ஓடினார். அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததுதான்.

கப்ஸின் ஜானி எவர்ஸ் விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர். மூன்று வாரத்துக்கு முன் பிட்ஸ்பர்க்கில் இதே போல ஒன்று நடந்தபோது நடுவர் ஹாங்க் ஓடே அவர் முறையீட்டைத் தள்ளியிருந்தார். அன்றும் அதே நடுவர். எவர்ஸ் ஒரு பந்தை வரவழைத்து, மெர்க்கிள் தொட்டிருக்க வேண்டிய இரண்டாவது பேஸில் நின்று கையைத் தூக்கினார். அது பிரிட்வெல் அடித்த அதே பந்துதானா என்று இன்றுவரை சண்டை. இந்த முறை நடுவர் ஏற்றுக்கொண்டார்: மெர்க்கிள் மூன்றாவது அவுட், அதனால் ரன் செல்லாது. கூட்டத்தை விலக்கி மறுபடி ஆட வழியில்லாமல் ஆட்டம் சமன் ஆனது. பருவ முடிவில் இரு அணியும் சமமாக நிற்க, அக்டோபர் 8இல் அந்த ஆட்டத்தைத் திரும்ப ஆடி கப்ஸ் 4-2 என்று ஜெயித்தது, உலகத் தொடரையும் தூக்கியது. அதற்கப்புறம் அவர்கள் உலகத் தொடரை வென்றது 2016இல்.

மெர்க்கிளுக்கு மூளையில்லாதவன் என்ற பட்டம் சாகும்வரை போகவில்லை. நல்ல ஆட்டக்காரர், இன்னும் பல வருடம் ஆடினார், ஆனால் யாரும் அதைப் பேசவில்லை. பிற்காலத்தில் பேஸ்பால் பக்கமே வராமல் ஃப்ளோரிடாவில் ஒதுங்கி இருந்தார். 1950இல் ஜயன்ட்ஸ் பழைய ஆட்டக்காரர்களை அழைத்தபோது தயங்கித் தயங்கி வந்தார். கூட்டம் எழுந்து கைதட்டியது. 1956இல் இறந்தார்.

வீசியவர் மேலே. அடித்தவர், ஓடியவர், பிடித்தவர் கீழே, நடந்த வரிசையிலேயே. ஒரு சின்னப் பையன் பசையும் நாலு கார்டும் வைத்து அந்த ஆட்டத்தை எழுதியிருக்கிறான். ஊறவைத்தால் உங்களுக்கு நாலு கார்டு கிடைக்கும், இது போய்விடும்.

கிரிக்கெட் பைத்தியம் (சென்னை) எழுதியது:

பத்தொன்பது வயசுப் பையனா! மற்றவர்கள் எல்லாரும் செய்ததைத்தானே செய்தான். ரன் அவுட் ஆன பையனைத் தெரு முழுக்க ஒரு வருடம் திட்டியது எங்கள் ஊரிலும் உண்டு, ஆனால் ஆயுள் முழுக்கவா. அந்தப் பக்கத்தைப் பிரித்தால் நான் உங்களோடு பேச மாட்டேன் அண்ணா.

ஹூஸ்டன் கணக்கு எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், அந்தப் பக்கத்தைத் தொட வேண்டாம். நான் ஒட்டியிருப்பதைக் குறை என்றே பார்த்துவிட்டேன்.

ஆனால் ஒன்று. மாத்யூசன் ஹால் ஆஃப் ஃபேமின் முதல் ஐவரில் ஒருவர், எவர்ஸும் உள்ளே இருக்கிறார். இதற்கு விலை உண்டு என்று பெரியவருக்குத் தெரியுமா? தெரியாமல் ஒரு பையனிடம் கொடுத்திருந்தால், முதலில் போய்ச் சொல்லிவிடுங்கள். அவருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கலாம்.

சிகாகோ அக்கா எழுதியது:

இதை நானே சொல்ல இருந்தேன். பழைய வீடுகளில் கிடைக்கும் கார்டுகளைப் பத்து டாலர் கொடுத்து அள்ளிப் போகிற வியாபாரிகளைப் பார்த்திருக்கிறேன். 2016இல் அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு குடும்பம் குப்பைக்குப் போக இருந்த காகிதப் பையில், அந்தக் காலத்துப் பெரிய ஆட்டக்காரர் டை காப்பின் ஏழு கார்டுகளைக் கண்டெடுத்தது, ஒவ்வொன்றும் கிடைப்பதற்கே அரிய வகை. அவர்கள் பையைப் பிரித்துப் பார்த்ததால் தப்பியது. வீட்டைக் காலி செய்யும் அவசரத்தில் எல்லாராலும் அப்படிப் பார்க்க முடியாது. மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஒஹாயோக்காரன் எழுதியது:

போய் வந்தோம். இரண்டு மணி நேரம் இருந்தோம். பாதிப் பெட்டிகள் கட்டியிருந்தன, உட்கார நாற்காலி இல்லை, படிக்கட்டில் உட்கார்ந்து பேசினோம்.

விலை உண்டு என்று அவருக்குத் தெரியும். ஆனால் எவ்வளவு என்று தெரியாது, நான் தேடிப் பார்த்ததைச் சொன்னேன். மகளிடம் போனில் பேசினார். 1957 கட்டு பையனுக்கே என்று இருவரும் சொல்லிவிட்டார்கள். ஆல்பம் இப்போதைக்கு எங்களிடம் இருக்கட்டும், பேத்தி பெரியவளாகி விருப்பப்பட்டுக் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். என் மகனும் போட்டான்.

அவர் அப்பா 1899இல் பிறந்தவர், நியூயார்க்கில் வளர்ந்தவர். வீட்டில் சிகரெட் பிடித்தது அவருடைய சித்தப்பா. பழைய அட்டை அண்ணா சொன்ன கதையைச் சொல்ல வாயெடுத்தேன், மெர்க்கிள் பெயர் வந்ததுமே பெரியவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு முழுக் கதையையும் அவரே சொன்னார். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஆல்பத்தை எடுத்துக் காட்டுவாராம். கடைசிப் பக்கம் வந்ததும் மாத்யூசன், பிரிட்வெல், மெர்க்கிள் என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டு, எவர்ஸ் மேல் கட்டை விரலை அழுத்தி மூடிக்கொள்வாராம். ஒவ்வொரு தடவையும்.

அந்தக் கறையைப் பற்றி இனி நான் கேட்க மாட்டேன்.

பக்கங்களுக்கு நடுவில் ஏதாவது தாள் வைக்க வேண்டுமா அண்ணா? கறுப்புத் தாள் தொட்டாலே உதிர்கிறது.

பழைய அட்டை எழுதியது:

அமிலம் இல்லாத மெல்லிய தாள் என்று கேட்டு வாங்குங்கள், ஆவணக் காப்புப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் ஒன்று, ஆல்பத்தைவிட அரை அங்குலம் சின்னதாக வெட்டிக்கொள்ளுங்கள். நிற்க வைக்காதீர்கள், படுக்க வைத்து அட்டைப் பெட்டியில் வையுங்கள், அதுவும் அமிலமற்றதாக இருக்கட்டும். பரணும் வேண்டாம், நிலவறையும் வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் அறையில் ஒரு அலமாரி போதும். பிரிட்வெல்லை ஒட்டாதீர்கள். ஒளி ஊடுருவும் உறையில் போட்டு அவர் இடத்திலேயே வையுங்கள், மெர்க்கிளுக்கு இடப்பக்கம்.